காலதரும் குளிர்சாதனமும்

பங்குனி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும். கரமனை அக்கிரகாரமானாலும், வலியசாலைத் தெருவானாலும், சாலைக் கடைவீதியில் நான்கு பேர் கூடிப் பேசும் இடமானாலும், "இந்த ஆண்டாவது வீட்டுக்கு ஏ.சி. போட்டுவிடலாமா?" என்பதே பேச்சாக இருக்கும். போட்டவர் மின்கட்டணத்தைச் சொல்லிப் பெருமூச்செறிவர். போடாதவர் இரவில் உறக்கமில்லை என்று வருந்துவர். இக்கேள்விக்குக் கடைக்காரர் ஒருவகையில் விடையளிப்பார். இவ்வூரின் வீடுகள் கட்டப்பட்டு வந்த வரலாறு வேறொரு வகையில் விடையளிக்கும். அந்த இரண்டாவது விடையையே இங்கு நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

நம்முடைய அனுபவத்தையே முதலில் கூறிவிடுகிறோம். தில்லியில் பல ஆண்டுகள் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருந்து, மாற்றலில் இந்நகருக்கு வந்தோம். வரும்போது, தில்லியின் கடுங்கோடையில் நம்மைக் காத்த கூலரையும் மறவாமல் லாரியில் ஏற்றிக் கொணர்ந்தோம். அங்கே மரச்சீவல் தட்டிகளில் நீர் சொட்ட, விசிறி சுழல, அறை சில்லென்று ஆகிவிடும். இங்கே அதை ஓடவிட்ட இரண்டே வாரங்களில் படுக்கை விரிப்பு பிசுபிசுத்தது. அலமாரியில் இருந்த அகராதிகளின் அட்டைகளில் பூஞ்சணம் பூத்தது. எழுபத்தெட்டு வயதான நம் தாயார், "குளிரவும் இல்லை, காயவும் இல்லை, இது என்ன காற்றப்பா?" என்று கேட்டார். கூலர் பழுதாகவில்லை. அது வந்து சேர்ந்த ஊர்தான் அதற்கு ஏற்றதன்று.

காரணம் எளிது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். காற்று உலர்ந்திருந்தால் நீர் விரைந்து ஆவியாகும். தில்லியிலும் நாகபுரியிலும் கோடைக் காற்று அத்தகையது. ஆகவே அங்கே முற்காலத்தில் வெட்டிவேர்த் தட்டியும், பிற்காலத்தில் கூலரும் பயன்பட்டன. திருவனந்தபுரமோ கடலோரத்து ஊர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் இவ்வூரில், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை உண்டு. சித்திரையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 33, 34 பாகையை ஒட்டியே நிற்கும். தில்லியின் 44 பாகையை நினைக்கும்போது இது பெரிதன்று. ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் உடலின் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராத உடல் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் தவிக்கிறது. இவ்வூரில் மனிதனை வாட்டுவது வெயிலைவிடப் புழுக்கமே எனலாம்.

புழுக்கத்துக்கு முன்னோர் கண்ட மருந்து காற்றோட்டம். தமிழில் சாளரத்துக்குக் 'காலதர்' என்றொரு பழம் பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்பதே அதன் பொருள். சேர மரபினர் என்று போற்றப்படும் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம், மான் கண் போன்ற துளைகளையுடைய காலதர்களைப் புகார் நகரத்து மாளிகைகளில் காட்டுகிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில், தென்றலைக் கொண்டுவரும் மேல்மாடச் சாளரம் கோடைக்கென்றே அமைந்திருந்தது என்பதும், கூதிர்காலம் வந்ததும் அதைத் தாழிட்டனர் என்பதும், பயனற்றுப் போன வட்ட விசிறிகளில் சிலந்தி நூல் கட்டியது என்பதும் கூறப்படுகின்றன. எந்தப் பருவத்தில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்ற அறிவு அன்றே இருந்தது.

அந்த அறிவைக் கண்ணால் காண விரும்புவோர், தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ஆட்சிபீடம் அதுவே. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அரண்மனை நின்ற நிலம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனையின் பராமரிப்பு கேரளத் தொல்பொருள் துறையிடம் நின்றது. இரண்டு மொழியாருக்கும் உரிய அக்கட்டடத்தில் மந்திரசாலை என்னும் ஆலோசனை மண்டபம் உண்டு. அதன் மரச்சட்டங்கள் சாய்வாக அடுக்கப்பட்டவை. வெளிச்சத்தைக் குறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுபவை. வெளியே வெயில் கொளுத்தும் நண்பகலிலும் அம்மண்டபத்துக் கருந்தரையில் கால் வைத்தால் குளிர்ச்சி தெரியும். சுவர்களை மறைத்துத் தாழ இறங்கும் ஓட்டுக் கூரை, வீட்டின் நடுவே திறந்த முற்றம், கூரைக்கும் அறைக்கும் இடையே மரப்பலகை மச்சு என்பன மலையாள நாட்டு நாலுகெட்டு வீட்டிலும் காணும் அமைப்புகளே. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழும். அதன் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே புகும். வீடு முழுவதும் ஒரு காற்றுக் குழாயாக விளங்கியது.

நம்மவர் வாழ்ந்த அக்கிரகார வீடும் இக்கொள்கையில் பின்தங்கியதன்று. பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைப் பகுதியிலும், கரமனையிலும், வலியசாலையிலும் தமிழ் அந்தணர் குடியேறிய தெருக்களில், வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. பக்கத்தில் சாளரம் வைக்க வழியில்லை. ஆகவே வாயிலிலிருந்து கொல்லைவரை கதவுகளை நேர்க்கோட்டில் வைத்தார்கள். இடையில் முற்றம் அமைத்தார்கள். மாலையில் வாசற்கதவையும் கொல்லைக்கதவையும் திறந்துவிட்டால் கடற்காற்று தெருவிலிருந்து கிணற்றடிவரை ஓடும். திவான் ராஜா கேசவதாசன் அமைத்ததாகப் போற்றப்படும் சாலைக் கடைவீதியில் தமிழ் வணிகர்கள் வைத்திருந்த கடைகளும், முன்புறம் கடை, பின்புறம் கிடங்கு என நீண்டு கிடந்தன.

ஆங்கிலேயர் காலத்துக் கட்டடக் கலைஞரும் இவ்வூரில் காற்றையே நம்பினர். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கும் அருங்காட்சியகம், 1880இல் நிறைவுற்றது. அதை வடிவமைத்தவர் இராபர்ட் சிஷோம். சென்னைக் கடற்கரையில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. சென்னையில் சாரசனிய பாணியைக் கையாண்ட அவர், இங்கே மலையாள நாட்டுச் செங்குத்தான கூரைகளைத் தம் கட்டடத்தில் சேர்த்துக்கொண்டார். உயர்ந்த கூரையின் முகப்புத் திறப்புகள் வழியே வெப்பக் காற்று வெளியேறுகிறது. அதைக் காண வரும் பள்ளிச் சிறுவர்களிடம், 'இயற்கைக் குளிர்சாதனம்' என்று ஆசிரியர்கள் சொல்லிக் காட்டுவதை நாமே கேட்டிருக்கிறோம்.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம். கடையில் "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்று கேட்கிறார்கள் அன்றோ? அந்த டன், சாதனத்தின் எடையைக் குறிப்பதன்று. அது பனிக்கட்டியிலிருந்து வந்த அளவு. 1833இல் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளில் சென்னையிலும் அவருடைய பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' என்று நாம் யாவரும் அறிந்த அக்கட்டடத்தில்தான், 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. பின்னாளில் குளிரூட்டும் இயந்திரங்கள் தோன்றியபோது, அவற்றின் ஆற்றலை மக்களுக்கு விளங்கும் பனிக்கட்டிக் கணக்கிலேயே கூறினார்கள். அமெரிக்க டன் ஒன்று, அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவையும் அகற்றும் ஆற்றலே ஒரு டன்.

முதன்முதலில் இயந்திரக் குளிர்சாதனம் மனிதனுக்காகச் செய்யப்படவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தார். கோடையில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு வண்ணத்தின் மேல் மறுவண்ணம் பொருந்தவில்லை. குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி, அதன் ஈரத்தை நீராக வடித்தெடுத்தார் அவர். ஆக, இந்த இயந்திரம் பிறந்தபோதே அதன் பணி ஈரத்தை அகற்றுவதாகவே இருந்தது. கூலர் தோற்ற இவ்வூரில் குளிர்சாதனம் வெல்வதற்குக் காரணம் இதுவே. வீட்டுக்கு வெளியே அதன் குழாயிலிருந்து சொட்டும் நீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். புழுக்கம் மிகுந்த நாளில் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு வடியும். அவ்வளவும் நம் அறைக் காற்றில் கலந்திருந்த நீர்தான்.

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில், குளிர்காலத்துக்காக உலையின் வெப்பக்காற்றை அறைதோறும் கொண்டுசெல்லும் தகரக் குழாய்கள் முன்னரே இருந்தன. குளிர்ந்த காற்றையும் அவற்றின் வழியே அனுப்பினார்கள். நம் நாட்டு வீடுகளில் கணப்பு உலையும் இல்லை, குழாயும் இல்லை. ஜப்பானியர் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவர்களுடைய வீடுகளோ சிறியவை. 1960களில் அவர்கள் சாதனத்தை இரு கூறாகப் பிரித்தனர். ஓசையிடும் பகுதி வெளியே; காற்றைக் குளிர்விக்கும் பகுதி உள்ளே; இரண்டையும் இணைப்பவை மெல்லிய செப்புக் குழாய்கள். 1968இல் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம், சுவரில் தொங்கும் மெலிந்த உட்பகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் 'ஸ்ப்ளிட் ஏ.சி.' என்று அழைப்பது இவ்வகையையே. காற்றுக் குழாய் வேண்டாத இது, வீடு முழுவதையும் குளிர்விக்க வந்ததன்று. ஓர் அறையைக் குளிர்விக்க வந்தது. வாங்குவோர் மனத்தில் முதலில் இருத்த வேண்டியது இதுவே.

திருவனந்தபுரத்துத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1929இல். 1940இல் பள்ளிவாசல் நீர்மின் திட்டம் தொடங்கியபின் திருவிதாங்கூரில் மின்சாரம் பரவிற்று. மின்விசிறி வந்தது, அதனோடு பழைய வீட்டுக்குப் பகை ஏதுமில்லை. திறந்த சாளரத்தோடு அது ஒத்துழைத்தது. மாறுதல் வந்தது கூரையில்தான். 1970களில் வளைகுடா நாடுகளிலிருந்து பணம் வரத் தொடங்கியபின், ஓட்டுக்கூரை மறைந்து காங்கிரீட் தளம் எங்கும் எழுந்தது. முற்றம் மூடப்பட்டது. தாழ்வாரம் சுருங்கிற்று. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவு முழுவதும் அதனைக் கட்டிலின் மேல் கக்குகிறது. அதன் கீழே சுழலும் விசிறி, அந்த வெப்பக் காற்றையே நம்மீது வீசுகிறது. இயந்திரத்தின் தேவையைப் பெரிதும் உண்டாக்கியது இந்தத் தளமே.

அதே பத்தாண்டில் இந்நகரில் வேறொரு குரலும் எழுந்தது. 1917இல் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாக ஏற்ற லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் குடியமர்ந்தார். உள்ளூர்லுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தை அவர் செங்கல்லால் கட்டினார். ஒரு செங்கல் விட்டு ஒரு செங்கல் வைத்த துளைச்சுவர்கள் காற்றை இழுத்தன. குளத்தின் அருகே உயர்ந்த துளைச்சுவர் எழுப்பி, குளிர்ந்த காற்று கட்டடத்தினுள் செல்லச் செய்தார். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி இடையே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையால் செங்கல்லும் மிச்சமாயிற்று, வெப்பமும் தடுக்கப்பட்டது. தம்பானூரில் பேருந்து நிலையத்தை அடுத்து, சுருள்வட்டமாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் நேயர்களில் பலர் காபி அருந்தியிருப்பீர்கள். அதுவும் அவர் கட்டியதே. அதன் துளைச்சுவரைக் காணும்போதெல்லாம், சிலப்பதிகாரத்தின் மான்கண் காலதர் நம் நினைவுக்கு வரும். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பேக்கர், 2007இல் மறைந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாவது ஒன்று உண்டு. பழைய வீடு திறந்திருந்தால் வாழும். குளிர்சாதனம் மூடியிருந்தால் வாழும். இரண்டையும் ஓர் அறைக்குள் கலந்தால் இரண்டும் கெடும். ஓட்டுக்கூரையின் கீழ் மச்சில்லாத அறையிலும், கதவுக்கு மேலே மரப்பின்னல் காற்றுவழி உள்ள கூடத்திலும் சாதனத்தைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும். ஓயாமல் உள்ளே புகும் ஈரக் காற்றை உலர்த்தியே அது களைத்துவிடும். மச்சுள்ள உள்ளறை, அல்லது நன்கு மூடக்கூடிய சிறு படுக்கையறை ஏற்றது. அறைக்கு வேண்டியதைவிடப் பெரிய சாதனமும் தவறு. அது விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை வடிப்பதற்குள் ஓய்ந்துவிடும். உடல் சில்லிடும், படுக்கையோ பிசுபிசுக்கும். சுமையறிந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு இடைவிடாமல் ஓடும் 'இன்வெர்ட்டர்' வகை, இவ்வூருக்கு அதனால் பொருந்துகிறது.

சங்குமுகம், வலியதுறை, பூந்துறை போன்ற கடலோரப் பகுதிகளில் வாழ்வோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும். உப்புக்காற்று வெளிக்கூறின் உலோகத் தகடுகளை அரிக்கும். துருத்தடுப்புப் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குவதும், கடலை நேரே நோக்காத சுவரில் நிழலான இடத்தில் அதைப் பொருத்துவதும், ஆண்டுக்கு இருமுறை நன்னீரால் கழுவச் செய்வதும் நலம். வாடகை வீட்டில் இருப்போர், சுவரில் துளையிட வீட்டுக்காரரின் இசைவு உண்டா, தனி மின்கம்பி உண்டா என்பவற்றை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். மாற்றலுக்கு உரிய நம் போன்றோர், கழற்றி மாட்டும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. ஒன்றரை டன் சாதனம் முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் மின்சாரம் இழுக்கும். பழைய மின்விசிறிகள் இருபது ஓடும் அளவு அது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. முன்பெல்லாம் மாலையில் விளக்கேற்றும் வேளையில் உயர்ந்து, பின் தணிந்த தேவை, அக்கோடையில் நள்ளிரவு வரை தணியவில்லை. படுக்கையறைச் சாதனங்களே அதற்குக் காரணம். மின்தேவை மிகும்போது வட்டாரம் இருளில் மூழ்குவதும் உண்டு. அப்போது, சாளரங்களையெல்லாம் கண்ணாடியால் அடைத்துவிட்ட வீடு அடுப்பாகிவிடும். சாதனம் இல்லாத அண்டை வீட்டாருக்கோ, நம் வெளிக்கூறு வீசும் வெப்பம் இலவசமாகக் கிடைக்கும். 2020 முதல், நட்சத்திரக் குறி பெற்ற அறைச் சாதனங்கள் 24 பாகையில் தொடங்கும்படி மத்திய அரசு விதித்துள்ளது. ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் மின்செலவு ஏறத்தாழ ஆறு விழுக்காடு குறையும் என்பது அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால், இவ்வூரில் அதுவே போதுமானது.

அதற்காகச் சாதனமே வேண்டாம் என்று கூறுவோமா? கூறமாட்டோம். முதியோருக்கும், நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும் உறக்கமற்ற இரவு என்பது வெறும் வசதிக் குறைவன்று. அது உடலுக்குத் தீங்கு. நம் இல்லத்தில் சென்ற ஒரு சித்திரையில், தாயார் மூன்று இரவுகள் உறங்காமல் நான்காம் நாள் காலையில் தலைசுற்றி விழுந்தார். மருத்துவர், "இரவிலாவது உடல் ஆறவேண்டும்" என்றார். அன்று நாம் முடிவு செய்தோம். முதலில் மொட்டைமாடியின் மேல், இவ்வூரார் பலரும் செய்வதுபோல் இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு வேய வீட்டுக்காரரை இசையச் செய்தோம். தளத்தின் சூடு பெரிதும் தணிந்தது. அடுத்து, மேற்குச் சாளரத்துக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். இவ்விரண்டுக்கும் பின்னரே, தாயாரின் அறைக்கு மட்டும் ஒரு டன் சாதனம் வந்தது. தளம் குளிர்ந்துவிட்டபடியால் பெரிய சாதனம் தேவைப்படவில்லை.

"கதவை எல்லாம் அடைத்துவிட்டு எப்படியப்பா தூங்குவது? திருநெல்வேலியில் திண்ணையில் படுத்தவள் நான்" என்று முதல் நாள் அவர் தயங்கினார். இன்று இரவு ஒன்பது மணிக்குச் சாதனம் ஓடுகிறது. அதிகாலை நான்கு மணிக்குத் தானே நிற்கும்படி அமைத்திருக்கிறோம். ஐந்து மணிக்குத் தாயாரே எழுந்து, அறையின் இரண்டு சாளரங்களையும் திறந்துவிடுகிறார். கூடமும் மற்ற அறைகளும் காற்றுக்கே உரியனவாக இருக்கின்றன.

ஆகவே, சாதனம் வாங்க எண்ணும் நேயர்கள், கடைக்குப் போகுமுன் ஒரு மாலை வேளையில் தம் வீட்டின் கதவு, சாளரங்கள் அனைத்தையும் திறந்துவைத்து, காற்று எந்த வழியே வந்து எந்த வழியே போகிறது என்று பார்க்கவேண்டும். கூரையைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அதன் சூட்டைத் தணித்தபின்னும் உறக்கம் வராத அறை எது, அதில் உறங்குபவர் யார் என்று எண்ணவேண்டும். அந்த ஓர் அறைக்கு இயந்திரம் வரட்டும். மற்ற அறைகளின் காலதர்கள் திறந்தே இருக்கட்டும்.